சொல்லிக்கொள்ளாமல் போன கட்டி

எதிர்வீட்டு சோபாக்காரரின் வலது கையில் கட்டி வந்ததை முதலில் பார்த்தது அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் சமையலறை ஜன்னல் அவருடைய பட்டறை வாசலைப் பார்த்தபடி அமைந்துவிட்டது. அந்த ஜன்னலை வைத்தது நான் இல்லை. வைத்த ஜன்னலை மூடி வைக்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

பழைய சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் புது உறை தைத்து, நைந்த பஞ்சை உருவிவிட்டுப் புதுப் பஞ்சு அடைத்து, தொய்ந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டித் தருவது அவர் தொழில். ஆள் அதிகம் பேசமாட்டார். பிறை மாதிரி வளைந்த ஊசி ஒன்று வைத்திருப்பார். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் சேர்ந்து அதைச் சுழற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. எனக்கு ஏழெட்டுத் தடவை பொங்கி வழிந்திருக்கிறது.

ஒருநாள் மூன்று பேர் உட்காரும் சோபாவின் மரச்சட்டம் சரிந்து அவர் முன்கையில் விழுந்தது. கையை இரண்டு தடவை உதறிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்பக்கமாக, பெரிய கோலிக்குண்டு அளவுக்கு ஒரு மேடு.

"அண்ணா, கையில என்ன அது?" என்று ஜன்னல் வழியாகவே கேட்டேன்.

"எது?"

"அதான், அது."

வாடிக்கையாளர் கொண்டுவந்து இறக்கிய சாமானைப் பார்ப்பதுபோல அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து இல்லையே."

"முந்தாநாளே இருந்துச்சு. நான் பார்த்தேன்."

உள்ளிருந்து அண்ணி வந்தாள். "ஏங்க, எதிர்வீட்டுக்குத் தெரியுது, கூடவே குடித்தனம் பண்ற எனக்குத் தெரியலையே!" என்றாள். அது அவருக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று இன்றுவரை நான் ஆராயவில்லை.

பெரிய மருத்துவமனையில் ஊசி குத்தி அந்த மேட்டிலிருந்து நூல் போல் ஒரு துணுக்கு எடுத்தார்கள். கண்ணாடியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனபோது நானும் போனேன். அண்ணி கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு விஷயம்.

ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'வழக்கத்துக்கு மாறான இணைப்புத் திசுச் செல்கள் காணப்படுகின்றன.' அதற்குக் கீழே 'பெயர்' என்று ஒரு கட்டம். கட்டம் காலி.

"பேரு வந்ததும் வாங்க," என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"பேரு மேலயே எழுதியிருக்கே சார்," என்றார் சோபாக்காரர்.

"உங்க பேரு யாருக்கு வேணும்? செல்லோட பேரு. டாக்டருங்களுக்கே அது என்னன்னு பிடிபடலை. பெயரிடும் குழு கூடி முடிவு பண்ணும்."

"அதுவரைக்கும்?"

கவுன்டர்காரர் ஒரு அட்டையைத் திருப்பிக் காட்டினார். விதி எண் நான்கு. பெயர் தெரியாததை, பெயர் தெரியும்வரை, உள்ளதிலேயே மோசமானதாகக் கருதவும். "அதனால ஆபரேஷனுக்கு இப்பவே தேதி போட்டுடறோம். பத்து வாரம் கழிச்சு. நடுவுல பேரு நல்லபடியா வந்தா ரத்து பண்ணிக்கலாம்."

"அதை நான் ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

"எதை?"

"என் கையிலேருந்து எடுத்ததை."

"ஸ்லைடையா?" கவுன்டர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஸ்லைடுக்கு என்ன உறவு?"

"அது என் கைதானே சார்."

"கை உங்க தோள்ல தொங்குது. அங்க இருக்கிறது ஸ்லைடு." ஒரு படிவத்தை நீட்டினார். மாதிரிக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு: தந்தை, தாய், கணவர், மனைவி, காப்பாளர், மற்றவை. சோபாக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 'மற்றவை' என்பதில் டிக் அடித்தார்.

ஸ்லைடைப் பார்க்க பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணிவரை அனுமதி. அதற்குத் தனி அறை, தனி ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை. நாங்கள் காத்திருந்த பெஞ்சுக்கு மின்விசிறி கிடையாது. ரெக்ஸின் கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. சோபாக்காரர் உட்கார்ந்த கையோடு பஞ்சை உள்ளே தள்ளி, சட்டைப்பை ஓரத்தில் குத்தி வைத்திருந்த வளைந்த ஊசியை எடுத்துக் கிழிசலை மூடிவிட்டார். எல்லாம் இரண்டு நிமிஷ வேலை.

உள்ளே ஒரு மேஜையைச் சுற்றி ஐந்து டாக்டர்கள். ஒரே மைக்ரோஸ்கோப்புக்கு ஐந்து ஜோடிக் குழல்கள். ஒரே கிணற்றில் விழுந்த வாளியை ஐந்து பேரும் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் துறைத் தலைவர். நிமிராமலே பேசினார்.

"அபாரம். முப்பது வருஷத்துல இப்படி ஒரு அழகான செல்லை நான் பார்த்ததில்லை."

"ஆபத்தா டாக்டர்?" என்றாள் அண்ணி.

"அழகுன்னு சொன்னேன்."

"இணைப்புத் திசுன்னா என்ன சார்?" என்று கேட்டார் சோபாக்காரர்.

தலைவர் இப்போதுதான் நிமிர்ந்தார். கேள்வி கேட்கிற நோயாளியை அவர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது. சொல்லப்போனால் நோயாளியையே அதிகம் பார்த்ததில்லை. "தோலுக்கும் தசைக்கும் எலும்புக்கும் நடுவுல இருந்து எல்லாத்தையும் ஒண்ணாப் பிடிச்சு வெச்சிருக்கிறது."

"பஞ்சு."

"என்னது?"

"சட்டத்துக்கும் உறைத்துணிக்கும் நடுவுல அடைக்கிறது சார். பஞ்சும் சாக்குத்துணியும். புரியுது."

ஐந்து டாக்டர்களில் நான்கு பேர் தலைவரின் முகத்தைப் பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் காத்திருந்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

உறவுப் படிவம் கையில் இருந்ததால் ஒரு நிமிஷம் பார்க்க விட்டார்கள். சோபாக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பிறகு நானும் பார்த்தேன். ரோஜா நிறத் தரையில் ஊதா நிறத்தில் நீள நீளமாக ஏதோ சிதறியிருந்தது. என் கண்ணுக்கு, அவசரமாகப் பெருக்கிவிட்டு அள்ளாமல் போன வாசல்.

"சார், இது புதுப் பஞ்சு மாதிரி இருக்கு," என்றார் சோபாக்காரர். "நைஞ்சது இல்லை. இப்பத்தான் அடைச்சிருக்காங்க. அந்த இடத்துல எனக்கு சோபா விழுந்து அடிபட்டுச்சு சார், அதைச் சரிபண்ண..."

"'அடிபட்டது உண்டா'ங்கிற கட்டத்துல என்ன இருக்கு?" என்று தலைவர் உதவியாளரைக் கேட்டார்.

"பொருந்தாதுன்னு இருக்கு சார்."

"பாருங்க. ஸ்லைடுக்கு அடிபடலை."

ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது.

அதே மதியம் அறுவை டாக்டரையும் பார்த்தோம். சிரித்த முகம். சோபாக்காரரின் கையில் பேனாவால் இங்கிருந்து அங்குவரை ஒரு கோடு இழுத்தார். கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையாக நான்கு விரல் அகலத்துக்கு எடுத்துவிடுவாராம்.

"என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? ஒண்ணும் ஆகாது. கட்டைவிரல், பக்கத்துல ரெண்டு விரல், மூணும் மரத்துப்போகும். சின்னச் சாமான் பிடிக்க வராது. மத்தபடி கை கையாத்தான் இருக்கும், யார் பார்த்தாலும் கைன்னுதான் சொல்லுவாங்க."

"ஊசி?" என்றார் சோபாக்காரர்.

"ஊசி எதுக்கு? அதான் முழுசா மயக்கிடுவோமே."

வீட்டுக்கு வந்ததும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். மறுநாளிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் வந்து பார்த்தார்கள். கொடுத்த சோபாவைத் திரும்ப எடுத்துப் போகிறவர்கள், "உடம்பைப் பாருங்க, இது எங்க போயிடப்போகுது," என்று பரிவாகச் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள். சோபாக்காரர் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். அந்தச் 'சரிங்க'வில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கதவைச் சாத்தும்போது வருகிற சத்தம் மாதிரி இருந்தது.

குழு கூடியது. ஒவ்வொரு வாரமும் நாங்கள் போய்க் கேட்டோம். முதல் கூட்டத்தில், மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி யார் எந்தக் குழலில் உட்காருவது என்று தீர்மானித்தார்கள். இரண்டாவதில், செல்லை முதலில் பார்த்தது தலைவரா துணைத்தலைவரா என்று விசாரித்தார்கள். துணைத்தலைவர் திங்கட்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டதாகச் சொன்னார். பார்த்தது உண்மைதான், ஆனால் தலைவர் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தது பார்வையில் சேராது என்று குறிப்பு எழுதப்பட்டது. மூன்றாவது கூட்டம் படத்தைப் பற்றி. செல்லைக் கதவளவுக்குப் பெரிதாக்கிப் படம் எடுத்துத் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். மேலே தனி விளக்கு. படம் எங்கள் பெஞ்சுக்கு நேர் மேலே இருந்ததால், அதை வந்து பார்க்கிற டாக்டர்கள் சோபாக்காரரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வார்கள். தலை மறைக்கிறதாம்.

ஒருநாள் ஒரு டாக்டரம்மா வெளியூர் டாக்டர்களைக் கூட்டிவந்து படத்தைக் காட்டினார். "இது ஆணா, பெண்ணா, எத்தனை வயசு?" என்று ஒருவர் கேட்டார். டாக்டரம்மா கையில் இருந்த தாளைப் புரட்டினார். "நாற்பத்தெட்டு," என்றார் சோபாக்காரர் கீழே உட்கார்ந்தபடி. "ஆண்." டாக்டரம்மா குரல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு, "நன்றி," என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

ஏழாவது வாரம், டீக்கடைப் பக்கம் நின்றிருந்தபோது ஒருவர் எங்கள் அருகில் வந்தார். அவருடைய விரல் நுனிகளெல்லாம் ஊதாவாக இருந்தன. ஆய்வகத்தில் ஸ்லைடுக்குச் சாயம் போடுகிறவராம். சாயம் போடாவிட்டால் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது, வெறும் ஈரம்தான் என்றார். பிறகு, "கட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இந்த ஏழு வாரத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வி. சோபாக்காரர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். கோலிக்குண்டு இருந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஏதோ இருந்தது.

"குறையுதா? குறையும்," என்றார் சாயக்காரர். "அடிபட்ட இடத்தைச் சரிபண்ண அவசரத்துக்கு வந்த கூலி ஆளுங்க மாதிரி இந்தச் செல்லுங்க. கூட்டமா வருவாங்க, அரக்கப்பரக்க வேலை செய்வாங்க, தூரத்துலேருந்து பார்த்தா ஏதோ கலவரம்னு தோணும். வேலை முடிஞ்சா அவங்கபாட்டுக்குக் கிளம்பிடுவாங்க. முப்பத்தொரு வருஷத்துல இது மாதிரி பதினாலு பார்த்திருக்கேன். பதினாலும் தானாப் போயிடுச்சு."

"டாக்டருங்ககிட்ட சொன்னீங்களா?" என்றாள் அண்ணி.

"கேட்டாதானே சொல்ல முடியும்? நான் சாயம் போடற ஆள்மா. பார்க்கிற ஆள் இல்லை." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க. கத்தி மட்டும் வெக்க விடாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன சொல்றே?"

நான்கு எழுத்துப் படித்தவள் என்று என்னைக் கேட்கிறாள். பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டாமா? "அண்ணி, அந்த ஆள் ஒரு வெள்ளைக் கோட்டுகூடப் போடலை," என்றேன்.

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சோபாக்காரர் முன் சீட்டின் முதுகில் இருந்த கிழிசலை விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாவது வாரம் கட்டி போய்விட்டது. அதையும் முதலில் பார்த்தது நான்தான். குளித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றார். வெயில் கையில் சமமாக விழுந்தது. மேடு இல்லை, நிழல் இல்லை. ஊசி குத்திய புள்ளிகூட மறைந்திருந்தது. "அண்ணா, காணோம்!" என்று கத்தினேன். மூன்று பேரும் அப்படியே மருத்துவமனைக்குப் போனோம். அண்ணி வழியெல்லாம் அவர் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். நடுத்தெருவில் என்ன இதெல்லாம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கவுன்டர்காரர் கையைப் பார்க்கவில்லை. ஃபைலைப் பார்த்தார். "மூணு சென்டிமீட்டர்னு இருக்கே."

"இப்ப இல்லை சார்," என்றார் சோபாக்காரர்.

"ஃபைல்ல இருக்கு."

"கையில இல்லை."

"அப்படின்னா கை ஃபைலோட ஒத்துப்போகலைன்னு அர்த்தம்." அவர் யோசித்தார். நல்ல மனிதர், உதவத்தான் பார்த்தார். "இங்கேருந்து ஒண்ணு வெளியில போகணும்னா மூணே வழிதான். குணமாகி அனுப்பினது, இறந்தது, சொல்லாமல் சென்றது. குணமாச்சுன்னு போட முடியாது, நாங்க வைத்தியமே ஆரம்பிக்கலை. இறந்ததுன்னு போட டாக்டர் கையெழுத்து வேணும்." பேனாவை எடுத்து எழுதினார். 'கட்டி: மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, சொல்லாமல் சென்றது.' கீழே முத்திரை குத்தினார். "இதை எடுத்துக்கிட்டுத் தலைவரைப் பாருங்க."

தலைவர் படித்தார். முகம் வெளுத்தது. உடனே அறுவை டாக்டரைக் கூப்பிட்டார். இருவரும் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இந்த முறை எங்களுக்கும் நாற்காலி கிடைத்தது.

"அடுத்த மாசம் மாநாடு," என்றார் தலைவர். "பதினெட்டு நாட்டுலேருந்து வராங்க. செல்லுக்குப் பேர் முடிவாயிடுச்சு. என் பேர்தான், குழுவே ஒருமனதா வற்புறுத்தினாங்க, மறுக்க முடியலை. ஆனா பேர் வைக்க ரெண்டு மாதிரி வேணும்கிறது விதி. நீங்க ஒண்ணுதான் கொடுத்திருக்கீங்க."

"வேற இல்லையே சார். போயிடுச்சு," என்றார் சோபாக்காரர்.

"அதைத்தான் நான் கேட்கிறேன். ரெண்டு மாசமா இத்தனை டாக்டருங்க ராப்பகலா உங்களுக்காக உட்கார்ந்திருக்காங்க. நீங்க கொஞ்சம் பத்திரமா வெச்சிருக்கக் கூடாதா? நோயாளிங்க வருவாங்க, போவாங்க, நான் யாரையும் குறை சொல்லலை. ஆனா ஒரு செல்லு நிலைச்சு நிக்கும். அது உங்க கையிலதான் வந்துதுங்கிறது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! என் கையில வந்திருந்தா நான் விட்டிருப்பேனா?"

அறுவை டாக்டர் சிரித்த முகத்தோடு தொடர்ந்தார். "கட்டி போயிருக்கலாம். கட்டி இருந்த இடம் எங்கயும் போகலையே? அதை எடுத்துடுவோம். பாருங்க, நான் ஒளிவுமறைவில்லாம பேசறவன். தேவையா தேவையில்லையான்னு நான் யோசிக்க ஆரம்பிச்சா அது ரிப்போர்ட்டை அவமதிக்கிற மாதிரி. ரிப்போர்ட்டுல பேரு காலியா இருக்கு. காலின்னா மோசம். மோசம்னா வெட்டு. நடுவுல நான் யாரு?"

"வேண்டாம்னு சொன்னா?" என்றாள் அண்ணி.

"தாராளமா சொல்லலாம்." ஒரு படிவம் வந்தது. பெயர் தெரியாத ஒரு செல்லின் எதிர்காலச் செயல்கள் அனைத்துக்கும் நானே முழுப் பொறுப்பு என்று அதில் இருந்தது. அண்ணி அதை என்னிடம் கொடுத்தாள். நான் சத்தமாகப் படித்தேன். 'அனைத்துக்கும்' என்ற இடத்தில் அண்ணி அழ ஆரம்பித்தாள்.

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "சரிங்க சார்," என்றார். இன்னொரு படிவத்தில், சம்மதம் என்ற இடத்தில், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தையல் மாதிரி சீரான எழுத்து.

அறுவை டாக்டர் பேனாவைத் திறந்து கையைத் திருப்பினார். நின்றுவிட்டார். முன்பு இழுத்த கோடு எப்போதோ அழிந்துபோயிருந்தது. "எந்த இடம்?"

ஃபைலைப் புரட்டினார்கள். வலது முன்கை, உள்பக்கம் என்று மட்டும் இருந்தது. அது ஒரு சாணுக்கு மேல் நீளம். ஸ்லைடைப் பற்றி நாற்பது பக்கம் இருந்தது, இடத்தைப் பற்றி இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லை சார்," என்றார் சோபாக்காரர். பொய் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கும் இல்லை," என்றாள் அண்ணி சட்டென்று. அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இடம் தெரியாம எப்படி வெட்டறது? அப்போ ரத்து பண்ண வேண்டியதுதானா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இத்தனை பெரிய இடத்தில், இத்தனை படித்தவர்களில், ஒருவருக்கும் ஒரு சின்ன விஷயம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் என்ன செய்வேன்?

"இதோ, இங்க," என்று விரலை வைத்துக் காட்டினேன். "மணிக்கட்டுலேருந்து ஆறு விரக்கடை. நான்தான் முதல்ல பார்த்தேன்."

தலைவர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். கட்டியை நேரில் கண்டவர் என்று ஒரு படிவம் இருந்தது. அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டீ வந்தது. பீங்கான் கோப்பையில். அண்ணி குடிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. 'இயல்பான இணைப்புத் திசு. வழக்கத்துக்கு மாறாக எதுவும் காணப்படவில்லை.' பெயர் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று நிரப்பியிருந்தது.

"கட்டம் காலியில்லை, பார்த்தீங்களா?" என்றார் கவுன்டர்காரர் உண்மையான சந்தோஷத்தோடு. "இப்ப குணமாகி அனுப்பினதுன்னு போடலாம்."

மாநாட்டுக்கு எனக்கு அழைப்பு வந்தது. நேரில் கண்டவர் வரிசையில் எனக்கு ஒரே ஒரு நாற்காலி. சோபாக்காரருக்கு அழைப்பு இல்லை, படிவத்தில் அவர் 'மற்றவை'. தலைவர் ஒரு மணிநேரம் பேசினார். இரண்டாவது மாதிரி இயல்பாக இருந்ததுதான் இந்தச் செல்லின் மிகப் பெரிய சிறப்பு என்றார். "எப்ப வெளிப்படணும், எப்ப மறையணும்னு இதுக்குத் தெரியுது. இவ்வளவு அடக்கமான செல்லை நான் பார்த்ததில்லை. என் பேருக்கு இது பொருத்தமா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்." பதினெட்டு நாட்டுக்காரர்களும் எழுந்து கைதட்டினார்கள். படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தவரின் விரல்கள் ஊதாவாக இருந்தன. அவர் என் பக்கம் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தேன். எதைத் தேடினேன் என்று இப்போது ஞாபகமில்லை.

மருத்துவமனை நன்றி மறக்கவில்லை. பெஞ்சின் கிழிசலை யாரோ நேர்த்தியாகத் தைத்திருப்பதைக் கவனித்து விசாரித்து, மாநாட்டு அரங்கின் நாற்காலிகளுக்கு உறை மாற்றும் வேலையைச் சோபாக்காரருக்கே கொடுத்திருக்கிறார்கள். நீல வெல்வெட் துணி. பட்டறை வாசலில் நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணி நூல் கோத்துக் கொடுக்கிறாள். அவர் இடது கையால் ஊசியைத் தள்ளி, வலது கையால் துணியைப் பிடித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் ஒரு நாற்காலி ஒரு மணிநேரம். இப்போது ஒரு நாள். அண்ணி என்னோடு பேசுவதில்லை. ஜன்னலை மூடச் சொல்லவும் இல்லை.

நேற்று பால் வைத்திருந்தேன். அவர் தைத்துக்கொண்டிருந்தார். நீலத் துணியில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக நனைந்து, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. வளைந்த ஊசி உறையில் இறங்கி, அவருடைய வலது கை நடுவிரலுக்குள் புகுந்து, மறுபக்கம் நுனி தெரிந்தது. அவர் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். விரலும் துணியோடு சேர்ந்து நகர்ந்தது. அண்ணி உள்ளே இருந்தாள்.

"அண்ணா!" என்று கத்தினேன். "கையில என்ன அது!"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எது?"